ஏஐ எழுதித் தந்த கோட் (நிரல்) கொண்டு ரோபோக் கார் ஓடுகிறது, பிள்ளைக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படிப் படிப்பிக்கிறீர்கள்?

கேள்வி: ஐசிடி டீச்சர், பொகவந்தலாவைப் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி எடுத்தவள். வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு தரம் 9, 10 பிள்ளைகள் பதினொரு பேர் நிற்பார்கள். ரோபோ செய்கிறோம். கோட்டை ஏற்றினால் அதன்படி மோட்டரையும் சென்சரையும் இயக்கும் சின்னப் பலகை, ஆர்டுயினோ ஊனோ போர்டு, இரண்டு இருக்கிறது (ஒரிஜினல் இல்லை, அதே மாதிரிச் செய்தது). மஞ்சள் கியர் மோட்டர் நான்கு, போர்டு சொல்கிறபடி மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டர் டிரைவர் இரண்டு, தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சர், அதைக் கழுத்துப் போலத் திருப்ப ஒரு சின்ன சர்வோ மோட்டர். கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் புறக்கோட்டையில் வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து பஸ்ஸில் அனுப்பிய சாமான்கள். அந்த டின்னை நான் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஏஐ இல்லாமல்தான் செய்தோம். ஒரு எல்ஈடியை விட்டு விட்டு எரிய வைக்கவே ஒரு தவணை போய்விட்டது. பிள்ளைகளுக்குப் புத்தி போதாமல் அல்ல. எரர் ஆங்கிலத்தில் வரும், அதைப் பார்த்ததும் கை நின்றுவிடும். பதினொரு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒருத்தி எத்தனை மேசைக்குப் போவது? இந்த வருடம் பிள்ளைகள் வீட்டுப் போனில் சாட்ஜிபிடி, ஜெமினி என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டே வியாழனில் கார் ஓடியது. நான்தான் முதலில் கை தட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

முன்னால் ஏதாவது வந்தால் கார் நிற்க வேண்டும், கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், இடைவெளி கூடிய பக்கம் போக வேண்டும். சக்கரம் ஓட்டும் பகுதியை ஒரு பையன் அவன் அப்பாவின் போனில் கேட்டு எடுத்தான். கழுத்துத் திருப்பும் பகுதியை ஒரு பிள்ளை அவள் அக்காவின் போனில் கேட்டு எடுத்தாள். தனித்தனியாக ஏற்றினால் இரண்டும் அருமையாக வேலை செய்கின்றன. ஒன்றாகச் சேர்த்ததும் இடது சக்கரம் செத்துவிட்டது. வலது சக்கரம் மட்டும் சுற்ற, கார் நின்ற இடத்திலேயே வட்டம் போடுகிறது.

பையன் அன்று இரவே ஏஐயிடம் கேட்டிருக்கிறான். வயரைப் பார் என்றதாம். மூன்று தரம் எல்லா வயரையும் கழற்றி மாட்டினான். மறுபடி கேட்டான். மோட்டர் டிரைவர் பழுதாக இருக்கலாம் என்றது. இருந்த மற்ற டிரைவரைப் போட்டோம், அதே கதைதான். பேட்டரி பலம் போதாமல் இருக்கலாம் என்றது. அவன் டவுனுக்குப் போய் ஒன்பது வோல்ற் சதுர பேட்டரி இரண்டு வாங்கி வந்துவிட்டான். அவன் அம்மா மலையில் நின்ற அரைப்பேர்க் காசு, அரைநாள் கூலி, அது. அதைப் போட்டதும் ஓடிக்கொண்டிருந்த வலது சக்கரமும் சோர்ந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அவனிடம் ஒன்று கேட்டேன். "இடது சக்கரத்தைச் சுத்த வைக்கிற வரி எது? காட்டு." அவன் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். இடது சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் 'அனலொக்ரைட் 9, 200' என்ற வரியைத் தாண்டி விரல் கீழே போனது. கடைசி அடைப்புக்குறி வரைக்கும் போய் நின்றது. "இதுக்குள்ள எங்கேயோதான் டீச்சர்" என்றான்.

இரண்டு வாரமாக அவன் ஓட்டிய கார் அது.

அடுத்த நாள் ஒரு பிள்ளையின் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையோடேயே வந்தார். "டீச்சர், போனைக் கேக்குது, குடுக்கிறேன். படிக்குதா வெளையாடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தான் குடுப்பேன்" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். முதல் தவணைக்கு ஏஐயே வேண்டாம் என்று நிறுத்திவிடவா? நிறுத்தினால் மறுபடி அந்த ஆங்கில எரரில் போய்த்தான் முட்டுவார்கள். மலையகத்தில் இப்படிப் பிள்ளைகளை வைத்துச் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அந்த இடது சக்கரம் ஏன் செத்தது என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். கழுத்துப் பகுதியை எடுத்துவிட்டால் ஓடுகிறது, அது மட்டும்தான் நான் கண்டுபிடித்தது.

பதில்: ஸ்டோர் எலக்ட்ரீஷியன், மஸ்கெலியா

டீச்சர், நான் ஒரு தோட்டத்து ஸ்டோர்ல (தேயிலை பெக்டரி) இருபத்திரண்டு வருஷமா எலக்ட்ரீஷியன். கோட் எனக்குத் தெரியாது, மோட்டர் தெரியும். தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொதல்ல அந்த சதுர பேட்டரியக் கழட்டிருங்க. ஒன்பது வோல்ற்னு எழுதியிருக்கும், ஆனா மோட்டர் கேக்கிற கரண்டை அதால தர ஏலாது. மீட்டர், மைக் மாதிரிக் கொஞ்சமாக் குடிக்கிற சாமானுக்குச் செஞ்சது அது. எல்298என் போர்டே ரெண்டு வோல்ற் கிட்டத் தனக்குப் பிடிச்சுக்கும். 18650னு உருளையா வர்ற லித்தியம் செல் ரெண்டைத் தொடரா போட்டா 7.4 வோல்ற் வரும், ரெண்டு போனாலும் மஞ்ச மோட்டருக்குப் போதும். பழைய லெப்டொப் பேட்டரிக்குள்ள இருக்கிறதும் அதேதான். ஆனா பிள்ளைங்கள ஒடைச்சு எடுக்க விட்டுறாதீங்க, ஷோர்ட் ஆச்சுன்னா பத்திக்கும். ஹோல்டரோட புதுசா வாங்கிருங்க.

அடுத்தது பெரிய விசயம். ஒரு நாள் ராத்திரி எங்க ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற தட்டுக்குக் காத்துக் குடுக்கிற ஃபேன் நின்னுருச்சு. மூணு பேர் ஓடினோம். ஒருத்தர் ஃபியூஸை மாத்துனாரு, ஒருத்தர் கொன்டெக்டரைச் சுத்தம் பண்ணுனாரு, நான் வயரை இறுக்குனேன். ஓடிருச்சு. சந்தோஷமாப் போய்ப் படுத்தோம். மறுநாள் ராத்திரி திரும்ப நின்னுச்சு. மூணுல எது சரியாக்குனதுன்னு யாருக்கும் தெரியல, அதனால எங்க தொடங்குறதுன்னும் தெரியல. கொழுந்து பூரா சூடாகிப் போச்சு. அதுக்குப் பிறகு போர்டு பக்கத்துல ஒரு கொப்பி தொங்க விட்டிருக்கோம். ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். மாத்துனதையும் எழுதணும், மாத்துன பிறகு கண்டதையும் எழுதணும்.

உங்க பையன் செஞ்சதும் நாங்க அன்னைக்குச் செஞ்சதும் ஒண்ணுதான். ஏஐ சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா மாத்திட்டே போயிருக்கான், எதையும் அளந்து பாக்கல. அவன்கிட்ட ஒரு மீட்டரைக் குடுங்க. கறுப்பு வயரை ஜிஎன்டியில (மைனஸ் பக்கம்) வச்சு, செவப்பை டிரைவரோட வலது பக்க எனேபிள் பின்ல, அதாவது போர்டு வேகத்தைச் சொல்ற வயர் மாட்டுற இடத்துல, வைக்கச் சொல்லுங்க, பிறகு இடது பக்கம். ரெண்டு நம்பரையும் எழுதி, அதோட ஏஐகிட்டக் கேக்கச் சொல்லுங்க. வயரைப் பாருன்னு அது சும்மா சொல்றதுக்குக் காரணம், மேசை மேல என்ன இருக்குன்னு அதுக்கு யாருமே சொல்லல.

பதில்: பண்டாரவளை மாஸ்டர்

டீச்சர், இடது சக்கரத்தின் எனேபிள் வயர் ஊனோவின் 9ஆம் பின்னில் (வயர் மாட்டும் துளை) இருக்கிறது, அந்தப் பையனின் விரல் தாண்டிப் போன வரியிலேயே அது தெரிகிறது. காரணம் இதுதான்.

ஊனோவில் மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பின்கள் ஆறு: 3, 5, 6, 9, 10, 11. மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் துடிக்க வைத்துத்தான் வேகம் குறைகிறது. அந்தத் துடிப்பைப் பின்னுக்குத் தருவது சிப்புக்குள் இருக்கும் மூன்று டைமர்கள். 5ம் 6ம் ஒரு டைமருக்கு, 3ம் 11ம் இன்னொன்றுக்கு, 9ம் 10ம் டைமர் 1க்கு. சர்வோவை இயக்க ஆயத்தமாக எழுதி வைத்த கோட், அதாவது சர்வோ லைப்ரரி, வேலை தொடங்கியதும் கழுத்தைத் திருப்புவதற்காக டைமர் 1ஐ எடுத்துக்கொள்ளும். சர்வோவின் வயர் எந்தப் பின்னில் இருந்தாலும் இதே நிலைதான், 9லும் 10லும் அனலொக்ரைட் வேலை செய்யாது. வலது சக்கரம் 3ஆம் பின்னில் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் அது தப்பித்துவிட்டது.

உறுதியாகப் பார்க்க வேண்டுமா? அந்த 200ஐ 255 ஆக்கி ஏற்றுங்கள். செத்த சக்கரம் முழு வேகத்தில் சுற்றும். 255தான் உச்ச எண், அதற்குத் துடிப்பே தேவையில்லை, பின்னை முழுதாகத் திறந்துவிடும், டைமர் அங்கே வேண்டியதில்லை. பிள்ளைகள் முன்னால் இதைச் செய்யுங்கள். பிறகு வயரை 9இலிருந்து 6க்கு மாற்றி, கோட்டிலும் 9ஐ 6 ஆக்கினால் சரி.

இதை ஏஐ அறியாதது அல்ல. சேர்த்த கோட் முழுவதையும் ஒரே தடவையில் அதற்குக் காட்டி, "தனித்தனியே ஓடியது, சேர்த்ததும் இடது சக்கரம் நின்றது" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சொல்லியிருக்கும். இரண்டு போனில் இரண்டு பேர் பாதி பாதியாகக் கேட்டார்கள். இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்த்த ஒரே ஆட்கள் உங்கள் மேசையில் நின்ற பிள்ளைகள்தான். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், நல்ல பாடம்.

நான் தடை செய்வதில்லை. ஒரே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அப்லோட் பட்டனைத் தொடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடதாசித் துண்டில் கார் என்ன செய்யும் என்று எழுத வேண்டும். "முன்னால் போகும், சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிற்கும், இடது பக்கம் பார்க்கும்" என்ற மாதிரி. துண்டை மடித்து மேசையில் வைத்த பிறகுதான் ஏற்றலாம். கோட்டை யார் எழுதினாலும் எனக்குக் கவலையில்லை, ஏஐ எழுதட்டும். துண்டை ஏஐ எழுத முடியாது, ஏனென்றால் வகுப்பில் போன் இல்லை. துண்டு எழுதத் தெரியாத பிள்ளை தானாகவே கோட்டைத் திரும்பப் போய் வாசிக்கிறது. நான் "வாசி" என்று சொல்லி வாசிக்காத பிள்ளைகள் இவர்கள்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலையில் பனி மூடியிருந்தது, எல்லாரும் ஸ்வெட்டரோடு இருந்தார்கள். கார் சுவருக்கு நின்றது, பீரோவுக்கு நின்றது. ஒரு பையன் முன்னால் போய் நின்றான், அவன் மேல் நேரே போய் மோதியது. சென்சர் பழுது என்று எல்லாரும் சொன்னார்கள். ஏஐயிடம் சொன்னால் அதுவும் அதைத்தான் சொல்லியிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். அப்பியாசக் கொப்பி, பீரோக் கதவு, கம்பளி ஸ்வெட்டர், பிறகு சரித்துப் பிடித்த கொப்பி, எல்லாவற்றையும் அரை மீற்றரில் வைத்து வாசிப்பை எழுதினார்கள். கம்பளியிலும் சரித்த கொப்பியிலும் எண்கள் கண்டபடி வந்தன. அந்த அட்டவணையை அப்படியே ஏஐயிடம் கொடுத்தபோது கிடைத்த விளக்கம் வேறு தரம். சென்சர் காதுக்குக் கேட்காத 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது, கம்பளி ஒலியைக் குடித்துவிடும், சரிந்த தளம் வேறு பக்கம் தெறித்துவிடும் என்று. விஞ்ஞானப் பாடத்தில் ஒலித்தெறிப்பு என்று பாடமாக்கியவர்கள் அன்றைக்குத்தான் அதைக் கண்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஏஐ தரும் கோட்டில் தூரம் கணக்கிட 0.034 அல்லது 0.0343 என்று ஓர் எண் இருக்கும். ஒலி ஒரு மைக்ரோசெக்கனில் போகும் சென்ரிமீற்றர் அது, 20 டிகிரிக்கு உரியது. நம் பக்கம் விடிகாலை 10 டிகிரி என்றால் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகாது, 337 தான். ஒரு மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் கிட்ட வித்தியாசம் வரும். மலையின் உயரத்தால் வருகிறது என்று பிள்ளைகள் வாதாடினார்கள். உயரம் அல்ல, குளிர்தான். அந்த எண்ணை நம் ஊருக்கு மாற்றி எழுதிய பிறகு அந்தக் கோட் அவர்களுடையதாகிவிட்டது.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஹட்டன்

மகள், எனக்கு மாற்றுக் கருத்து. முதல் தவணைக்கு ஏஐயை நிறுத்துங்கள்.

1967இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் லோகோ மொழியைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கு ஆமை என்று ஒரு சின்ன ரோபோ சேர்ந்தது, தரையில் ஊர்ந்து பேனையால் கோடு போடும். ஆமைக்கு ஒரு சதுரம் போடச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பேப்பர்ட் சொன்ன வழி, நீயே ஆமையாகி நடந்து பார் என்பது. நாலடி முன்னால், வலப்பக்கம் தொண்ணூறு பாகை, மறுபடி நாலடி. காலால் நடந்து கண்ட பிள்ளைக்கு மீளச் செய்தல் என்றால் என்ன என்று ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்குங்கள். ஒருத்தி கார், ஒருத்தன் சென்சர், ஒருத்தன் இடது சக்கரம், ஒருத்தன் வலது. சென்சர் "முப்பது" என்று கத்தினால் கார் நிற்க வேண்டும். இடது சக்கரமாக நிற்கிறவன் அசையாவிட்டால் கார் ஏன் வட்டம் போடுகிறது என்று நின்ற இடத்திலேயே தெரியும். நடந்து முடித்த பிறகு, படிகளை வரிசையாகக் காட்டும் பாய்ச்சற்கோட்டுப்படம் வரையட்டும். இதெல்லாம் முடியும் வரை போனை எடுக்க வேண்டாம். நாற்பது வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன், விடையை முதலில் கண்ட பிள்ளை வழியைத் தேடாது.

பதில்: லிந்துலைப் பிள்ளை, பேராதனையில் படிக்கிறேன்

வணக்கம் டீச்சர். வணக்கம் சேர். சேர் சொன்ன நடந்து பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, அதை நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு கட்டாயம் செய்வேன். ஆனால் ஏஐயை முழுதாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நான் உயர்தரம் வரைக்கும் தமிழ் மூலம் படித்தவள். பைத்தனில் எரர் வந்தால் கொப்பியில் அந்த ஆங்கில வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு, அடுத்த நாள் பாடசாலைக்கு வந்து டீச்சரிடம் காட்டுவேன். ஒரு முக்காற்புள்ளி விடுபட்டதை அறிய ஒரு நாள் போகும். கொழும்பில் ஆங்கில மூலம் படித்த பிள்ளைக்கு அது ஒரு நிமிடம். இன்றைக்கு ஏஐ எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்த ஒரு நாளை ஒரு நிமிடம் ஆக்குவதுதான். கோட் எழுதித் தருவதை வேண்டுமானால் நிறுத்துங்கள் டீச்சர், எரரைத் தமிழில் விளக்குவதை நிறுத்திவிடாதீர்கள். 'நொட் இன் சிங்க்' என்று நீளமாக ஒரு சிவப்பு வரி வந்ததும் பிள்ளைகள் போர்டே செத்துவிட்டது என்று அழுவார்கள். அது பல தடவை கம்பியூட்டரில் தவறான போர்ட்டை (யூஎஸ்பி இணைப்பு வழி) தெரிவு செய்தது, அல்லது 0, 1 பின்களில் மாட்டிய வயர். இதைத் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆனால் தமிழில் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். ஏஐ பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களில் பதில் சொல்லும். கெப்பாசிட்டர் நம் புத்தகத்தில் கொள்ளளவி, ஏஐ அதை மின்தேக்கி என்னும். நாம் வோல்ற்றளவு என்போம், அது மின்னழுத்தம் என்னும். தடையி, இருவாயி எல்லாமே வேறு பெயரில் வரும். பிள்ளை இரண்டும் வெவ்வேறு சாமான் என்று நினைத்துக்கொள்ளும். நானே நினைத்திருக்கிறேன். அதனால் நான் கற்பிக்கும் பிள்ளைகள் கேள்வியின் தலையில் இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்கள்: "நான் இலங்கையில் தரம் 9 மாணவி. தடையி, கொள்ளளவி, இருவாயி, வோல்ற்றளவு, உணரி, மாறி என்ற சொற்களையே பயன்படுத்தவும். முழு நிரலையும் எழுதித் தர வேண்டாம், எந்த வரியில் பிழை, ஏன் என்று மட்டும் சொல்லவும்." பதில் உடனே மாறிவிடும். நீண்ட உரையாடலில் மறந்துவிட்டுப் பழைய சொல்லுக்குப் போகும், அப்போது மறுபடி சொல்ல வேண்டும்.

கொப்பியின் பின்பக்கம் மேலிருந்து கீழே மூன்று பத்தி பிரித்து நம் சொல், அதன் சொல், ஆங்கிலச் சொல் என்று எழுதச் சொல்லுங்கள். கெம்பஸ் வந்த முதல் மாதம் விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில் போனபோது என்னிடம் அப்படி ஒரு பக்கம் இருந்திருக்கலாம் என்று எத்தனை இரவு நினைத்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் லயத்துக்குள் (வரிசை வீடுகள்) சிக்னல் இல்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் வரும். அதனால் பிள்ளைகள் கேள்வியைக் கடதாசியில் எழுதிக்கொண்டு ஏறுவார்கள். எதை எந்தப் பின்னில் மாட்டினோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கும். எழுதும்போதே பாதிப் பேருக்குப் பிழை தெரிந்துவிடும், ஏறாமலே திரும்பி வந்துவிடுவார்கள். ஆர்டுயினோ மென்பொருளுக்கு இன்டர்நெட் தேவையில்லை, போர்டில் ஏற்றுவது எல்லாம் கீழேதான்.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கேள்விக் கடதாசியை அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனை வாங்கட்டும், திரும்பிவரும்போது பதிலை அதே கடதாசியின் மறுபக்கம் எழுதிக் காட்டட்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் எழுத்து இருப்பது தெரியும். சாட்ஜிபிடிக்குப் பதின்மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். பேர், பாடசாலை, போட்டோ எதையும் போட வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

டீச்சர், பொகவந்தலாவைப் பக்கம் (இரண்டு வியாழனுக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

மீட்டர் எங்களிடம் இல்லை. கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டும் அண்ணனிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். சதுர பேட்டரி வாங்கிய அதே பையனிடம்தான் கொடுத்தேன். வலது பக்கம் 3.9 வந்தது. இடது பக்கம் வைத்தான், பூச்சியம். மறுபடி வைத்தான், பூச்சியம். "டீச்சர், மோட்டர்ல பிழை இல்ல, டிரைவர்லயும் இல்ல. போர்டே அனுப்பல" என்றான். இரண்டு வாரம் வயரோடு மல்லுக்கட்டியவன், அரை நிமிடத்தில் மேசையில் இருந்த பாதிச் சாமானைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டான். 3.9 ஏன் என்று கேட்டேன். கழுத்துப் பகுதியை எடுத்த பிள்ளைதான் கணக்குப் போட்டாள். 200ஐ 255ஆல் பிரித்து 5ஆல் பெருக்கினால் 3.92.

மாஸ்டர் சொன்னபடி 255 போட்டோம். ஏற்றும் முன் துண்டு எழுத வைத்தேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் "சுத்தாது" என்று எழுதியிருந்தார்கள். சக்கரம் சுற்றியது. அந்த ஒன்பது பேரும் கேட்ட "ஏன்?" என்ற கேள்வியைப் போல ஒன்றை நான் இந்த அறையில் கேட்டதில்லை. உடனே நான் டைமர் கதையைச் சொல்லவில்லை. கேள்வியைக் கடதாசியில் எழுதச் சொன்னேன், 3.9, 0, 255 எல்லாம் போட்டு, சேர்த்த கோட் முழுவதையும் என் லெப்டொப்பில் ஒட்டி, லிந்துலைத் தங்கச்சி தந்த இரண்டு வரியைத் தலையில் வைத்துக் கேட்டோம். முதல் பதிலிலேயே சர்வோ, டைமர் 1, 9ஆம் 10ஆம் பின் என்று வந்தது. பையன் ஒன்றும் பேசாமல் வயரை எடுத்து 6இல் மாட்டினான். கோட்டில் மாற்ற வேண்டிய வரியில் நேராக விரல் போய் நின்றது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர், மைதானத்தில் நடக்கவும் வைத்தேன். இடது சக்கரமாக யார் நிற்பது என்று அடிபட்டுக்கொண்டார்கள். உங்கள் சொல்லை முழுதாகக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும். வகுப்பில் கோட் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதை இந்தத் தவணைக்கு நிறுத்திவிட்டேன், எரர் கேட்பதை நிறுத்தவில்லை. அந்த ஆங்கிலச் சிவப்பு வரி முன்னால் என் பிள்ளைகளை மறுபடி தனியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கூடையோடு வந்த அம்மாவிடம் கடதாசி முறையைச் சொன்னேன். "அப்ப சரி டீச்சர்" என்றார். நேற்று அவருடைய பிள்ளை கொண்டுவந்த கடதாசியின் மூலையில் கொழுந்துக் கறையோடு ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அம்மா பார்த்துவிட்டாராம்.

இன்னும் இரண்டு பிள்ளைகள் கோட்டைத் திறந்து பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் துண்டைப் பார்த்து எழுதுகிறார்கள். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று இன்னும் வழி தெரியவில்லை. மாஸ்டர், உங்களுக்கு அப்படி யாராவது இருந்தார்களா?

பண்டாரவளை மாஸ்டர்

இருந்தார்கள் டீச்சர். அவர்கள் இருவரையும் ஒரே காரில் போடுங்கள், பார்த்து எழுத வேறு துண்டு இருக்காது. கோட்டில் ஒரே ஒரு எண்ணை நீங்கள் மாற்றி வைத்துவிட்டு, எது மாறியது என்று காரின் ஓட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு அதில் மூன்று வாரம் எடுத்தது.

ஸ்டோர் எலக்ட்ரீஷியன், மஸ்கெலியா

3.9, 0ன்னு வாசிச்சதும் எனக்கு நானே அந்த மேசையில நின்ன மாதிரி இருந்துச்சு டீச்சர். இரவல் மீட்டர் சரி வராது. என்கிட்ட சொந்த மீட்டர் பழசு ஒண்ணு இருக்கு, பிரோப் வயர் மட்டும் மாத்தணும், மாத்திருவேன். வர்ற போயா லீவுக்கு நோர்வூட் வழியா வந்து குடுத்துட்டுப் போறேன். ஹோல்டரும் ரெண்டு செல்லும் கொண்டு வர்றேன். அந்தப் பையனை நிக்கச் சொல்லுங்க, மீட்டரை எந்த அளவுக்கு எந்தப் பக்கம் திருப்பணும்னு அவன்கிட்டயே காட்டிக் குடுக்கிறேன்.